மேஜை மேல ஒரு டைகர்!

வாராவாரம் ஒரு ஹாபி

அரியர் இல்லாத செமஸ்டர் லீவு, கையில கொஞ்சம் காசு, ரூம்ல காலியா ஒரு மேஜை. இந்த மூணும் ஒண்ணா அமையறது நம்ம வாழ்க்கையில அபூர்வம் பாஸ். அப்படியே அமைஞ்சுட்டா என்ன பண்ணலாம்? 57 டன் எடையுள்ள ஒரு ஜெர்மன் டாங்க் கட்டலாம்!

சிரிக்காதீங்க, சீரியஸாத்தான் சொல்றேன். இரண்டாம் உலகப்போரில் எதிரிகளைக் கதிகலங்க வைத்த டைகர் டாங்க்கை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கினால், பீரங்கிக் குழாயையும் சேர்த்து 24 சென்டிமீட்டர்தான் வரும். உங்க ஒரு அடி ஸ்கேலைவிடச் சின்னது. அகலம் பத்தரை சென்டிமீட்டர். உள்ளே நிக்கிற சிப்பாய் உங்க சுண்டுவிரல் உயரம்தான்.

இது கடையில வாங்கி உருட்டி விளையாடற பொம்மை இல்ல. பெட்டியைத் திறந்தா நூத்துக்கணக்கான பிளாஸ்டிக் துண்டுகள், ஒரு விளக்கப் புத்தகம், கொஞ்சம் ஸ்டிக்கர். மத்ததெல்லாம் உங்க கை, கண்ணு, பொறுமை. இதுக்குப் பேர்தான் ஸ்கேல் மாடலிங்.

அது என்ன 35?

பத்து, இருபது, ஐம்பதுன்னு ரவுண்டா இல்லாம 35-ன்னு ஏன் ஒரு நம்பர்? ஏதோ பெரிய கணக்கு இருக்கும்னுதானே நினைக்கறீங்க? மேட்டர் ரொம்ப சிம்பிள். பேட்டரி!

ஜப்பானில் ஷிசுவோகா நகரத்தில் 1946-ல் மரக்கடையாக ஆரம்பித்த கம்பெனி டமியா. 1960-களின் தொடக்கத்தில், அது ஜெர்மனியின் பாந்தர் டாங்க்கை மோட்டார் வைத்து ஓடுகிற மாடலாகக் கொண்டு வந்தது. உள்ளே மோட்டாரும் ரெண்டு பேட்டரியும் அடங்கணும். அதுக்கு எவ்வளவு இடம் வேணுமோ, அந்த அளவுக்கு டாங்க்கை வடிவமைச்சாங்க. அப்புறமா அளந்து பார்த்தா, நிஜ டாங்க்கில் ஏறக்குறைய 35-ல் ஒரு பங்கு. மாடல் பிச்சுக்கிட்டுப் போச்சு. அடுத்தடுத்து வந்த டாங்க்குகளும் அதே அளவில் வர, மற்ற கம்பெனிகளும் பின்னாடியே வந்தாங்க. இன்னிக்கு ஹாங்காங்கின் டிராகன், கொரியாவின் அகாடமி என்று யார் பெட்டியை எடுத்தாலும் டாங்க்குக்கு 1/35 இருக்கும்.

இப்ப ஒரு குட்டி வைவா. நிஜ டைகர் 57 டன். 35-ல் ஒரு பங்கு மாடலை அதே உலோகத்தில் அப்படியே செய்தால் எடை எவ்வளவு? '57-ஐ 35-ஆல வகு, ஒண்ணரை டன்னுக்கு மேல'ன்னு சொன்னவங்க பெஞ்சு மேல ஏறுங்க! நீளம், அகலம், உயரம் மூணுமே சுருங்குது இல்லையா? அதனால 35-ஐ மூணு தடவை பெருக்கணும். 42,875. அதால வகுத்தா வெறும் 1.33 கிலோ. நம்ம மாடல் பிளாஸ்டிக், அதுவும் உள்ளே காலி. அதனால இன்னும் லேசு.

பெட்டியைத் திறக்கும் முன்...

புதுசா வர்றவங்க பெட்டி வாங்கின அன்னிக்கே ஒட்ட ஆரம்பிச்சுடுவாங்க. கொஞ்சம் பொறுங்க. முதல் கேள்வி 'எந்த டைகர்?' என்பதுதான்.

1942 ஆகஸ்ட்டிலிருந்து 1944 ஆகஸ்ட் வரை, ஜெர்மனியின் காசெல் நகரத்தில் ஹென்ஷெல் கம்பெனி கட்டிய டைகர்-1 சுமார் 1,350. இந்த ரெண்டே வருஷத்துல டிசைன் மாறிக்கிட்டே இருந்தது. முதல் 250 வண்டிகளில் 21 லிட்டர் மேபாக் இன்ஜின், அதற்கப்புறம் 23 லிட்டர். ஆரம்ப வண்டிகளில் கமாண்டர் தலையை நீட்டுகிற கூண்டு டிரம் மாதிரி உயரமாக, சுற்றிலும் பார்க்கிற பிளவுகளோடு இருக்கும். 1943 நடுவில் அது மாறி, பெரிஸ்கோப் வைத்த தாழ்வான கூண்டு வந்தது. ஆரம்ப வண்டிகளின் பின்பக்கம் தூசி வடிகட்டிகள் தொங்கும். பிறகு அவை காணாமல் போயின.

இதுல பெரிய முடிவு ரெண்டு. ஒண்ணு சக்கரம், இன்னொண்ணு ஸிம்மரிட்.

1943-ல் ஜெர்மானியர்களுக்கு ஒரு பயம். காந்தம் வைத்த கண்ணிவெடியை எதிரி ஓடிவந்து டாங்க்கில் ஒட்டிவிட்டால்? அதற்காக வெளிச்சுவர் முழுக்க ஒரு பேஸ்ட் பூசினார்கள். அதுதான் ஸிம்மரிட். பேரியம் சல்ஃபேட், பசை, மரத்தூள் எல்லாம் கலந்த சமாச்சாரம். காயறதுக்குள்ள வரிவரியா கோடு போடுவாங்க. காந்தத்துக்கும் இரும்புக்கும் நடுவுல இடைவெளி வந்துடும், வெடி ஒட்டாது. இதுல காமெடி என்னன்னா, அந்த மாதிரி காந்த வெடியை அதிகம் பயன்படுத்தியதே ஜெர்மானியர்கள்தான். எதிரியும் நம்மளை மாதிரியே செய்வான்னு ஒரு நினைப்பு! 1944 செப்டம்பரில் பேஸ்ட் பூசுவதை நிறுத்திவிட்டார்கள்.

ஆக, 1944 நார்மண்டி டைகர் கட்டணும்னா இந்த வரிகளை நீங்களும் போடணும். எபாக்ஸி புட்டியை மெல்லிசா பூசி, சின்ன ஸ்க்ரூடிரைவர் முனையால வரிசையா அழுத்திக்கிட்டே போகணும். ஒரு பக்கச் சுவருக்கே ஒரு சாயங்காலம் போயிடும். 1943 துனிசியா டைகர்னா இந்தத் தொல்லை இல்ல. முதல் தடவை செய்யறவங்க துனிசியா பக்கம் ஒதுங்கறது உத்தமம்.

ஆனா, அங்கே வேற தொல்லை இருக்கு!

சக்கரத்துல இருக்கு சங்கதி

டைகரின் பக்கவாட்டைப் பாருங்க. சக்கரங்கள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, சீட்டுக்கட்டை விரிச்ச மாதிரி இருக்கும். 57 டன் எடையைத் தரையில் பரப்பி, பயணத்தை மெத்தென்று ஆக்க ஜெர்மன் இன்ஜினீயர்கள் கண்டுபிடித்த வழி இது. ஒரு பக்கத்துக்கு எட்டு அச்சு, ஒவ்வொரு அச்சுக்கும் மூணு சக்கரம். ஒரு பக்கம் 24, மொத்தம் 48. ஒவ்வொரு அச்சுக்கும் சஸ்பென்ஷன், டார்ஷன் பார். முறுக்கினா திரும்பி வர்ற எஃகுக் கம்பி. மெக்கானிக்கல் மக்கள் லேப்ல டார்ஷன் டெஸ்ட் பண்ணியிருப்பீங்களே, அதே தத்துவம்தான்.

பேப்பர்ல பிரமாதம். களத்துல? ரஷ்யக் குளிரில் சக்கரங்களுக்கு நடுவே போன சேறு ராத்திரியில் கல்லாக உறைந்துபோகும். காலையில் வண்டி நகராது. உள்பக்கச் சக்கரம் ஒன்று பழுதானால், அதை எடுக்க வெளியே இருக்கிற பல சக்கரங்களைக் கழற்றணும். ரயிலில் ஏற்றும்போதும் ரோதனை. வண்டி 3.7 மீட்டர் அகலம், ரயில் பாதைக்கு அது அதிகம். அதனால வெளி வரிசைச் சக்கரங்களைக் கழற்றி, 725 மி.மீ. அகல டிராக்கை எடுத்துட்டு, 520 மி.மீ. குறுகல் டிராக்கை மாட்டணும். இறங்கினதும் மறுபடி எல்லாத்தையும் மாத்தணும்.

இந்த வேதனை மாடல் செய்யறவங்களுக்கும் உண்டு. 48 சக்கரத்தையும் ஃப்ரேமிலிருந்து வெட்டி, விளிம்பை உப்புத்தாளால தேய்ச்சு, சுத்தி இருக்கிற ரப்பரைக் கருஞ்சாம்பல் நிறத்துல வட்டமா பெயின்ட் பண்ணணும். கை நடுங்கினா காலி. 1944-ல் ரப்பர் பற்றாக்குறை வந்ததும் இரும்பு விளிம்புச் சக்கரங்கள் வந்தன. அச்சுக்கு ரெண்டுதான், ரப்பர் வட்டமும் கிடையாது. ஆக, சக்கரம் குறையணும்னா பேஸ்ட் பூசணும், பேஸ்ட் வேண்டாம்னா சக்கரம் தேய்க்கணும். எந்தப் பக்கம் போனாலும் டைகர் உங்களைச் சும்மா விடாது!

இது ஒட்டு இல்ல, வெல்டிங்!

கிட் பிளாஸ்டிக்கின் பெயர் பாலிஸ்டைரீன். இதுக்குன்னே தண்ணி மாதிரி ஒரு சிமென்ட் விக்கறாங்க. அதுல பசையே கிடையாது, வெறும் கரைப்பான். ரெண்டு துண்டையும் சேர்த்துப் பிடிச்சு, பிரஷ்ஷால இணைப்பு ஓரத்தைத் தொட்டா, அது தானா உள்ளே ஓடும். ரெண்டு பக்க பிளாஸ்டிக்கும் கரைஞ்சு, ஒண்ணோட ஒண்ணு கலந்து, கரைப்பான் ஆவியானதும் ஒரே துண்டா இறுகிடும். அதனாலதான் இதை வெல்டிங்னு சொல்றது. ஜன்னலைத் திறந்து வச்சுட்டு வேலை பாருங்க. மூடின ஹாஸ்டல் ரூம்ல அந்த வாசனையில உட்கார்ந்தா தலைவலி நிச்சயம்.

ஒவ்வொரு துண்டிலும், அச்சின் ரெண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். கத்தியோட முனையால லேசா சுரண்டி எடுக்கணும். விட்டுட்டா, பெயின்ட் அடிச்சதும் பல்லை இளிக்கும்.

அடுத்தது பித்தளை. நிஜ டாங்க்கில் சேறு தடுக்கும் தகரம் 5 மி.மீ. கனம்னு வச்சுக்குவோம். 35-ஆல வகுத்தா 0.14 மி.மீ. அவ்வளவு மெல்லிசா பிளாஸ்டிக்கை அச்சுல ஊத்த முடியாது. அதனால அந்த மாதிரிப் பகுதிகளை மெல்லிய பித்தளைத் தகட்டில் ரசாயனத்தால் அரித்துச் செய்வார்கள். ஈசிஇ, ட்ரிபிளீ மக்களுக்கு இது பழகின ஐட்டம். லேப்ல ஃபெரிக் குளோரைடு ஊத்தி பிசிபி போர்டு அரிச்சீங்களே, அதே டெக்னிக். பித்தளையை பிளாஸ்டிக் சிமென்ட் ஒட்டாது, அதுக்கு சூப்பர் க்ளூ வேணும்.

முன்பக்கக் கவசம் நிஜத்தில் 100 மி.மீ. மாடலில் கிட்டத்தட்ட 3 மி.மீ. அதை விரலால தொட்டுப் பார்க்கும்போதுதான், '100 மி.மீ. எஃகு' என்பது எவ்வளவு பெரிய சமாச்சாரம்னு உறைக்கும்.

டிராக்குக்கு வருவோம். சில கிட்களில் ரப்பர் பட்டை மாதிரி ஒரே நீளமாக வரும். மாட்டறது ஈஸி, ஆனா விறைப்பா நிக்கும். நிஜ டிராக் தன் கனத்தாலயே தொய்ஞ்சு, சக்கரங்கள் மேல படுத்துக்கிடக்கும். அந்தத் தொய்வுதான் 'இது கனமான வண்டி'ன்னு கண்ணை நம்ப வைக்குது. அதனால சீனியர்கள் தனித்தனிக் கண்ணியாகச் சேர்ப்பார்கள். ஒரு பக்கத்துக்கு 96, ரெண்டு பக்கமும் 192. நல்ல பாட்டு ஒண்ணைப் போட்டுட்டு, பூ கட்டற மாதிரி ஒவ்வொண்ணா கோக்க வேண்டியதுதான்.

பெயின்ட் அடிக்கலாம் வாங்க

1943 பிப்ரவரி வரை ஐரோப்பாவில் ஓடிய ஜெர்மன் டாங்க்குகள் பெரும்பாலும் கருஞ்சாம்பல். அந்த மாதம் உத்தரவு மாறியது. ஃபேக்டரியில் மங்கிய மஞ்சள் அடித்து அனுப்பினார்கள். பச்சையும் செம்பழுப்பும் குழம்பு பதத்தில் டப்பாவில் தனியாக வரும். அதை பெட்ரோலிலோ தண்ணீரிலோ கரைத்து, வண்டியோட்டிகளே அந்த இடத்துக் காடு, வயலுக்கு ஏற்ப அடித்துக்கொண்டார்கள். ஸ்ப்ரே கிடைச்சவன் ஸ்ப்ரே பண்ணான், கிடைக்காதவன் பிரஷ்ஷையோ துடைப்பத்தையோ எடுத்தான். அதனால ரெண்டு டைகர் ஒரே மாதிரி இருக்காது. நமக்கு இது வசதி. படம் பார்த்து அடிக்கலாம், கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் யாரும் அடிக்க வரமாட்டாங்க!

வரிசையைச் சொல்லிடறேன். முதலில் ப்ரைமர். அப்புறம் அடிப்படை நிறம். டப்பாவில் இருக்கிறதைவிட ஒரு சுற்று வெளுப்பாக அடிங்க. சின்னப் பொருளில் அசல் நிறம் ரொம்பக் கருத்துத் தெரியும். பிறகு பளபளப்பான வார்னிஷ், அது மேல ஸ்டிக்கர். அதுக்கப்புறம் 'வாஷ்'. கரும்பழுப்பு ஆயில் பெயின்டைத் தின்னரில் நீர்க்கக் கரைத்து, போல்ட், மூடி, வெல்டிங் கோடு ஓரங்களில் ஒரு துளி வைத்தால் அதுவே பள்ளத்தில் ஓடி நிற்கும். தட்டையா இருந்த பிளாஸ்டிக்குக்குத் திடீர்னு ஆழம் வந்துடும். கீழே இருப்பது அக்ரிலிக், மேலே ஆயில் என்பதால் ஒன்றை ஒன்று கரைக்காது. கடைசியில் பளபளப்பைக் கொல்ல மேட் வார்னிஷ்.

பழசாக்கறதுதான் எல்லாருக்கும் பிடிச்ச கட்டம். இங்கதான் மூளை வேணும். பல டைகர்கள் ஃபேக்டரியை விட்டுச் சில மாதங்களிலேயே அழிந்துபோனவை. அவ்வளவு சீக்கிரம் கனத்த கவசம் துருப்பிடித்து உதிராது. துரு வேணும்னா சைலன்சரில் காட்டுங்க, அது சூட்டில் சீக்கிரம் துருப்பிடிக்கும். பெயின்ட் தேய்ந்த இடம் வேணும்னா, ஆட்கள் எங்கே கால் வைத்து ஏறுவார்கள், எந்த மூடியை அடிக்கடி திறப்பார்கள் என்று யோசிங்க. பஞ்சுத் துண்டை பெயின்டில் தொட்டு அங்கே மட்டும் ஒத்தி எடுங்க. ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் இருக்கணும்.

கொசுறு

டைகர் ஓட்டக் கற்றுக்கொடுக்க 1943-ல் ஜெர்மன் ராணுவம் ஒரு கையேடு போட்டது. பெயர் டைகர்ஃபீபெல். இளவட்டங்கள் தூங்காமல் படிக்கணுமே என்று கார்ட்டூன், எதுகை மோனைப் பாட்டு, கிளுகிளு படங்கள் எல்லாம் சேர்த்து அச்சடித்தார்கள். நம்ம லேப் மேனுவலும் இப்படி வந்தா... சரி, வேண்டாம், ஹெச்.ஓ.டி. படிப்பார்!

கொஞ்சம் சங்கடமான சங்கதி

இவ்வளவு நேரம் மெஷினைப் பற்றி ஜொள்ளு விட்டோம். இப்ப இதையும் பேசிடணும். இது ஹிட்லரின் படைக்குக் கட்டிய வண்டி. கட்டிய ஹென்ஷெல் ஃபேக்டரியில், வேறு நாடுகளிலிருந்து பிடித்து வரப்பட்ட கட்டாயத் தொழிலாளர்களும் வேலை வாங்கப்பட்டார்கள். பெட்டி மேல இருக்கிற ஜோரான படத்துல அவங்க யாரும் இல்ல.

இந்த ஹாபியில் ஒரு வழுக்குப் பாதை இருக்கு. முதலில் டாங்க் அழகாத் தெரியும். அப்புறம் அதை ஓட்டினவன் ஹீரோவாத் தெரிவான். 'இத்தனை டாங்க்கை உடைத்த சூரன்' என்று எஸ்.எஸ். ஆட்களின் பெயரில் தனி ஸ்டிக்கரே வரும். எஸ்.எஸ். என்பது யூத மக்களைக் கொன்று குவித்த வதைமுகாம்களை நடத்திய அமைப்பு. அதன் போர்ப்பிரிவுதான் இந்த டாங்க்குகளில் சிலவற்றை ஓட்டியது. ஜெர்மனியிலேயே ஸ்வஸ்திகா சின்னத்தைப் பொதுவில் காட்டுவது சட்டப்படி குற்றம், சரித்திரம், கல்வி மாதிரி சில விலக்குகள் தவிர. அங்கே விற்கிற மாடல் பெட்டிகளில் அந்தச் சின்னம் இருக்காது. சொந்த நாட்டுக்காரர்களே அவ்வளவு ஜாக்கிரதையா இருக்கும்போது, விளையாட்டா அதை டி-ஷர்ட்டில் போட்டுக்கொண்டு சுத்தறது நமக்கு எதுக்கு?

'தோற்காத டாங்க்' என்பதும் பாதிக் கதைதான். 540 லிட்டர் பெட்ரோல் ஊத்தினா, நல்ல ரோட்டில்கூட 200 கி.மீ. தாண்டாது. பெட்ரோல் தீர்ந்தும், கியர் உடைந்தும், ஓட்டியவர்களே வெடி வைத்து விட்டுப்போன டைகர்கள் ஏராளம். சுமார் 1,350 டைகர் வந்த அதே போரில், அமெரிக்கா கட்டிய ஷெர்மன்கள் 49 ஆயிரத்துக்கும் மேல். பிரமாதமான ஒரு டிசைனைவிட, ரிப்பேர் பண்ண முடிகிற சுமார் டிசைன் ஜெயிக்கும். நாலு வருஷ இன்ஜினீயரிங்ல எந்தப் பேப்பரும் இதை இவ்வளவு பளிச்னு சொன்னதில்ல.

இன்னொரு விஷயம். 1943 ஏப்ரலில், துனிசியாவில் பிரிட்டிஷ் படை ஒரு டைகரை உயிரோடு பிடித்தது. சர்ச்சில் டாங்க்கின் சின்ன பீரங்கி சுட்டதில் அதன் மேல்கூண்டு சுற்ற முடியாமல் சிக்கிக்கொள்ள, உள்ளே இருந்தவர்கள் ஓடிவிட்டார்கள். அதுதான் 131-ம் நம்பர் டைகர். இங்கிலாந்தின் போவிங்டன் டாங்க் மியூசியத்தில் இருக்கிறது. 2003-ல் மறுபடி ஓட வைத்தார்கள். 2014-ல் வந்த 'ஃப்யூரி' படத்தில் நடித்ததும் இதுவேதான். அதே துனிசியாவில், அதே மாதம், ஜெர்மானியர்களை எதிர்த்து நின்ற படைகளில் ஒன்று 4-வது இந்திய டிவிஷன். அதில் மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது நம்ம ஊர் ஆட்களும் உண்டு. வழி போடறது, கண்ணிவெடி எடுக்கறது அவங்க வேலை. அவங்கள்ல ஒருத்தரான சுபேதார் சுப்பிரமணியன், 1944-ல் இத்தாலியின் மிக்னானோ பக்கத்தில், வெடிக்கப்போன கண்ணிவெடி மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றினார். இறந்த பிறகு அவருக்கு ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். அவருக்கு எந்தக் கம்பெனியும் ஸ்டிக்கர் போடலை.

அதனால என் யோசனை இது. டைகரைத் தாராளமா கட்டுங்க. கட்டி முடிச்சதும் ஒரு மரப்பலகையில நிறுத்தி, கீழே ஒரு லேபிள் ஒட்டுங்க. எந்த இடம், எந்த வருஷம், எதிர்ப்பக்கம் யார் இருந்தாங்க, முடிவு என்ன ஆச்சு. நாலு வரி போதும். பார்க்க வர்றவன் 'செமயா இருக்குடா'ன்னு சொல்லிட்டு, கீழே குனிஞ்சு அதையும் படிப்பான்.

ஆரம்பிக்கறவங்களுக்கு அஞ்சு டிப்ஸ்

* முழு இன்டீரியரோட வர்ற கிட்டை முதல்லயே தொடாதீங்க. இன்ஜின், குண்டு, சீட் எல்லாம் கட்டி முடிக்கறதுக்குள்ள அடுத்த செமஸ்டர் வந்துடும். சாதா கிட் போதும்.

* ஏர்பிரஷ்ஷும் கம்ப்ரசரும் கிட்டைவிட அதிகம் செலவு வைக்கும். முதல் மாடலுக்கு ஸ்ப்ரே டப்பாவும் ரெண்டு நல்ல பிரஷ்ஷும் தாராளம். இல்லாட்டி நாலு பேர் சேர்ந்து ஒரு செட் வாங்குங்க.

* வெட்டுவதற்கு நல்ல நிப்பர், புது பிளேடு போட்ட கத்தி, உப்புத்தாள், ட்வீசர். மழுங்கின பிளேடுதான் கையை வெட்டும். எப்பவும் விரலுக்கு எதிர்ப்பக்கமா வெட்டுங்க.

* உப்புத்தாள் போடும்போது தண்ணி தொட்டுத் தேய்ங்க, தூசி பறக்காது. ஸ்ப்ரே அடிக்கும்போது மாஸ்க் போட்டுக்குங்க.

* ட்வீசரிலிருந்து தெறிச்ச துண்டு தரையில எங்கேயும் கிடைக்காது. மடியில ஒரு துண்டை விரிச்சு, அதோட ஓரத்தை மேஜையில கிளிப் போட்டு உட்காருங்க. விழறதெல்லாம் மடியிலயே விழும்.

அப்புறமென்ன, லீவு வந்தாச்சுன்னா மேஜையைத் துடைங்க. 192 கண்ணி கோத்து முடிச்சவங்க, லேபிள்ல என்ன நாலு வரி எழுதினீங்கன்னு எழுதி அனுப்புங்க, ஆவலா இருக்கேன். அடுத்த வாரம் வேற ஒரு ஹாபியோட சந்திப்போம். இப்போதைக்கு... ஜூட்!